சந்தை சரியும்போது ஓய்வூதியரின் பணம்

(தில்லியில் தமிழ் பேசும் ஊழியர்களும் ஓய்வுபெற்றோரும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் 2025 ஏப்ரலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பங்குச் சந்தையைப் பற்றிப் பேசுவதற்கு இடதுசாரிகளின் கூட்டம் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். இருபது ஆண்டுகளுக்கு முன்பு இக்கேள்வி பொருத்தமாக இருந்திருக்கும். இன்று இந்த அரங்கில் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோரின் முதுமைக்கால வருவாய் ஏதோ ஒரு வழியில் மும்பைச் சந்தையோடு கட்டப்பட்டிருக்கிறது. கட்டியவர்கள் அவர்கள் அல்லர்.

2024 செப்டம்பர் இறுதியில் சென்செக்ஸ் 85,978 புள்ளிகள் வரை ஏறியது. 2025 பிப்ரவரி முடிவில் அது 73,200-ஐ ஒட்டி நின்றது. அமெரிக்க அரசின் சுங்கவரி அறிவிப்புக்குப் பின் ஏப்ரல் 7 அன்று ஒரே நாளில் 2,200 புள்ளிகளுக்கு மேல் வீழ்ந்தது. நாளேடுகள் இதனைத் 'திருத்தம்' என்று எழுதுகின்றன. திருத்தம் என்பது பிழைக்குச் செய்யப்படுவது. பிழை செய்தவர் எவர், திருத்தத்தின் விலையைக் கொடுத்தவர் எவர் என்பதை அச்சொல் மறைத்துவிடுகிறது.

விலை கொடுத்தவர்களுள் ஒருவர் இப்பகுதியிலுள்ள தொழிலாளி. பெயர் வேண்டாம். மருந்து உற்பத்தித் தொழிற்சாலையொன்றில் 31 ஆண்டுகள் உழைத்து, 2024 ஆகஸ்டில் 58 வயதில் ஓய்வுபெற்றவர். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் சேர்ந்து 31 லட்சம் ரூபாய் கைக்கு வந்தது. வீட்டுக்கடன் மிச்சத்துக்கு 6 லட்சம் போயிற்று. 5 லட்சத்தை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டார். மீதி 20 லட்சத்துக்கு வங்கியில் இருந்த இளைஞர் ஒரு வழி சொன்னார்: சிறு நிறுவனப் பங்குகளில் முதலிடும் மியூச்சுவல் ஃபண்டில் முழுவதையும் போட்டுவிடுங்கள், மாதம் 20 ஆயிரம் தானாக உங்கள் கணக்குக்கு வரும். கடந்த மூன்று ஆண்டுகளின் ஏறுமுக வரைபடத்தையும் காட்டினார். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் அவருக்குக் கிடைப்பது மாதம் 4 ஆயிரத்துச் சொச்சம். அதோடு 20 ஆயிரம் சேர்ந்தால் வீடு ஓடும் என்று கணக்கிட்டுக் கையெழுத்திட்டார்.

செப்டம்பர் உச்சத்திலிருந்து பிப்ரவரி முடிவுக்குள் நிஃப்டியின் சிறு நிறுவனக் குறியீடு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தது. மாதந்தோறும் எடுத்ததும் சேர்ந்து, அவருடைய 20 லட்சம் 14 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. ஐந்து மாதங்கள் அவர் இதை மனைவியிடம் சொல்லவில்லை. கைப்பேசியில் கணக்கைப் பார்ப்பதற்காகவே விடியற்காலையில் எழுந்து மாடிக்குச் செல்வாராம். மார்ச் மாதத்தில் சங்க அலுவலகத்துக்கு வந்தபோதுதான் முதன்முறையாக வாய் திறந்தார்.

அவருக்கு வங்கியில் சொல்லப்பட்ட ஆறுதல் இது: "இது காகிதத்தில் உள்ள நஷ்டம்தான். விற்றால்தான் நஷ்டம். பொறுத்திருங்கள்." இந்த வாக்கியத்தைச் சற்று நின்று ஆராய வேண்டியிருக்கிறது. இதில் பாதி உண்மை இருக்கிறது. அதனாலேயே இது ஆபத்தானது.

முப்பது வயது ஊழியர், சம்பளம் வந்துகொண்டிருப்பவர், அந்தப் பணத்தை இருபத்தைந்து ஆண்டுகளுக்குத் தொடத் தேவையில்லாதவர் காத்திருக்கலாம். 2008 ஜனவரியில் 21 ஆயிரத்தைத் தொட்ட சென்செக்ஸ் அதே ஆண்டு அக்டோபரில் 8 ஆயிரத்துக்கும் கீழே சென்றது, பிறகு மீண்டது. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் சரிந்தது; அதுவும் மீண்டது. ஆனால் மாதந்தோறும் எடுத்துச் சாப்பிட வேண்டியவருக்குக் காத்திருத்தல் என்பதே இல்லை. ஒரு யூனிட்டின் விலை 100 ரூபாயாக இருக்கும்போது 20 ஆயிரம் பெறுவதற்கு 200 யூனிட்டுகளை விற்க வேண்டும். விலை 75 ஆனால் அதே 20 ஆயிரத்துக்கு 267 யூனிட்டுகள் போகும். சந்தை மறுபடி 100-க்கு ஏறும் நாளில், விற்றுத் தீர்ந்த யூனிட்டுகள் ஏறுவதில்லை. அவரைப் பொறுத்தவரை மாதம் ஒருமுறை காகித நஷ்டம் ரொக்க நஷ்டமாக மாறிக்கொண்டேயிருக்கிறது. மேலும், 25 சதவீதம் இறங்கிய தொகை பழைய நிலைக்கு வர 33 சதவீதம் ஏற வேண்டும். இந்தக் கணக்கை வரைபடம் காட்டிய எவரும் காட்டுவதில்லை.

எனவே சந்தை சரிந்த நேரத்தில் ஓய்வுபெற்றவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி 'சந்தை எப்போது ஏறும்' என்பதன்று. அதற்கு விடை தெரிந்தவர் எவருமில்லை. அடுத்த மூன்று ஆண்டுகளில் அரிசிக்கும் மருந்துக்கும் வாடகைக்கும் எவ்வளவு வேண்டும், அது எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. அந்தப் பணம் பங்குகளில் இருக்குமானால், நஷ்டத்தோடு எடுத்தாலும் எடுத்து வைப்பதே நல்லது. அதற்கு மேற்பட்டதை அவசரத்தில் விற்க வேண்டியதில்லை. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்போர் 60 வயதானதும் சரிந்த விலையிலேயே கணக்கை முடித்தாக வேண்டும் என்பதில்லை. ஒத்திப்போட விதி இடமளிக்கிறது. மொத்தத் தொகையைத் தவணைகளாக எடுக்கும் வசதியும் 2023 முதல் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது.

அதைவிட முக்கியமான ஒன்று மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 2023 ஏப்ரல் முதல் அதன் வட்டி 8.2 சதவீதம், உச்சவரம்பு 30 லட்சம். 20 லட்சத்தை அதில் போட்டால் மூன்று மாதத்துக்கொரு முறை 41 ஆயிரம் வரும். அறுபது வயது நிறைந்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் சேரலாம். ஐம்பத்தைந்துக்கு மேல் அறுபதுக்குள் ஓய்வுபெற்றவர்களோ, ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் சேர்ந்தாக வேண்டும். மருந்துத் தொழிற்சாலைத் தோழர் விஷயம் தெரிந்து வந்தபோது அந்த மூன்று மாதங்கள் எப்போதோ கடந்துவிட்டன. வங்கியில் இருந்தவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. தரகுத் தொகை எதில் கூடுதலோ அதை விற்பதற்கான இலக்கு அவர் தலைமீது இருந்தது. அந்த இளைஞரைத் திட்டுவதில் பயனில்லை, அவரும் மாத இறுதியை எண்ணிப் பயந்துகொண்டிருந்தவர்தான்.

இன்னொரு படுகுழியையும் சொல்லியாக வேண்டும். இழந்ததை விரைவில் மீட்டுவிடலாம் என்று பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் போகும் முதியவர்கள் பெருகியிருக்கிறார்கள். பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று ஆண்டுகளில் அத்துறையில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர் பணத்தை இழந்தனர். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம். வாட்ஸ்அப் குழுக்களில் 'குரு' என்று வருவோர் பற்றி விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இப்போது வேறொரு கேள்வி. இதே சந்தைச் சரிவு வருங்கால வைப்பு நிதிச் சந்தாதாரரை ஏன் இந்த அளவுக்கு உலுக்கவில்லை? வைப்பு நிதி நிறுவனமும் 2015 ஆகஸ்டு முதல் பங்குகளில் முதலிடுகிறது. 5 சதவீதத்தில் தொடங்கி 15 சதவீதத்துக்கு வந்துவிட்டது. எனினும் அங்கே கோடிக்கணக்கானோரின் பணம் ஒரே குளமாகச் சேர்ந்து, ஆண்டுக்கொரு வட்டி அறிவிக்கப்படுகிறது. சரிவு ஒரு மனிதனின் தலையில் ஒரே நாளில் விழுவதில்லை. எல்லோர்மீதும் பல ஆண்டுகளில் பரவுகிறது. இடரை எவர் சுமப்பது என்பதே ஓய்வூதியப் பிரச்சினையின் உயிர்நாடி.

தமிழில் ஓய்வூதியம் என்ற சொல்லே ஊதியம் என்பதை உள்ளே வைத்திருக்கிறது. 1982 டிசம்பர் 17 அன்று நாகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும், ஓய்வூதியம் எஜமானரின் கருணையால் கிடைப்பதன்று, முன்பே செய்த உழைப்புக்கு உரியது என்றே உரைத்தது. அடுத்த இருபதாண்டுகளில் அந்த ஊதியம் முதலீடாக மாற்றப்பட்டது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகும், மத்திய அரசில் 2004 ஜனவரி 1-க்குப் பிறகும் பணியில் சேர்ந்தோருக்கு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியம் இல்லாமற்போனது. ஆயுதப் படையினர் விலக்கப்பட்டனர். நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஓய்வூதியமும் சந்தையைத் தொடவில்லை. 1981-இல் பினோசேயின் சிலி ஓய்வூதியத்தைத் தனியார்மயமாக்கியபோதும் இராணுவமும் காவல்துறையும் பழைய முறையிலேயே இருந்தன. இடதுசாரிகளின் எதிர்ப்பால் ஆண்டுக்கணக்கில் நிறைவேறாமல் கிடந்த ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணைய மசோதா, 2013 செப்டம்பரில் காங்கிரசும் பாஜகவும் கைகோத்து ஆதரித்ததால் சட்டமாயிற்று. மேற்கு வங்கம் அத்திட்டத்தில் சேரவேயில்லை.

அரசு ஊழியருக்கான இயல்பு முறையில் பங்குகளின் அளவு 2020-இல் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றிருந்தது. ஆகவே 2020-இல் சென்செக்ஸ் 42 ஆயிரத்திலிருந்து 26 ஆயிரத்துக்கு வந்தபோது 20 லட்சம் சேர்த்திருந்த ஊழியர் இழந்தது ஏறத்தாழ 1 லட்சத்து 14 ஆயிரம். இதைப் பெரிதுபடுத்திச் சொல்வது நேர்மையாகாது. பெரிய இழப்பு சத்தமின்றி வேறிடத்தில் நடக்கிறது. அந்த 20 லட்சத்தில் 8 லட்சத்தை ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து மாதாந்திரத் தொகை வாங்க வேண்டும். 6 சதவீதம் என்று வைத்தால் மாதம் 4 ஆயிரம். முழு 20 லட்சத்தையும் கொடுத்தால் 10 ஆயிரம். அகவிலைப்படி கிடையாது, பதினைந்து ஆண்டு கழித்தும் அதே 10 ஆயிரம்தான். 50 ஆயிரம் அடிப்படை ஊதியத்தில் ஓய்வுபெறும் பழைய திட்ட ஊழியருக்கு 25 ஆயிரமும் அதற்குரிய அகவிலைப்படியும் கிடைக்கும். சந்தை உச்சத்தில் நிற்கும் நாளிலும் இந்த வேறுபாடு இருக்கிறது.

ஊழியர் போராட்டங்களுக்குப் பிறகு 2025 ஏப்ரல் 1 முதல் ஒன்றிய அரசு 'ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்' ஒன்றைக் கொண்டுவந்துள்ளது. 25 ஆண்டுப் பணிக்கு, கடைசி 12 மாத அடிப்படை ஊதியச் சராசரியில் பாதி என்கிறது. ஊழியர் 10 சதவீதம் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் பழைய திட்டம் திரும்பிவிட்டதாகக் கொள்ளலாகாது. எனினும், உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியம் நாட்டைத் திவாலாக்கும் என்று இருபதாண்டு முழங்கியவர்களே உறுதி என்ற சொல்லுக்குத் திரும்ப நேர்ந்தது சிறிய செய்தியன்று. தனியார் துறைத் தொழிலாளிக்கு அந்தச் சிறிய திருப்பமும் இல்லை. அங்கே குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய். இன்றும் 1,000 ரூபாய். தொழிற்சங்கங்கள் 9,000 கேட்கின்றன.

சரிவின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2024 அக்டோபர் ஒரே மாதத்தில் அந்நிய நிறுவன முதலீட்டாளர்கள் 90 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல் விற்றுவிட்டு வெளியேறினர். அதே மாதத்தில் எஸ்ஐபி எனப்படும் மாதாந்திரச் சேமிப்பு வழியாக மியூச்சுவல் ஃபண்டுகளுக்குள் வந்தது 25 ஆயிரம் கோடிக்கும் மேல். அதே மாதத்தில்தான் ஹுண்டாய் இந்தியா 27,870 கோடி ரூபாய்க்குப் பங்குகளை விற்றது. திருப்பெரும்புதூர் ஆலையில் அதனால் ஒரு புதிய எந்திரம்கூட வரவில்லை, ஏனெனில் தொகை முழுவதும் பங்கை விற்ற கொரியத் தாய் நிறுவனத்துக்கே உரியது. உச்ச விலையில் விற்று வெளியேறுபவருக்கு எதிர்ப்புறம் வாங்குபவர் ஒருவர் வேண்டும். சிறுசேமிப்பு அந்த வாங்குபவராக நிறுத்தப்பட்டது.

மருந்துத் தொழிற்சாலைத் தோழரின் கணக்கு இப்போது இப்படி இருக்கிறது. சங்கத் தோழர்கள் இருவர் அவர் வீட்டுக்குச் சென்றனர். மனைவியின் முன்னிலையில் எல்லாத் தாள்களும் விரிக்கப்பட்டன. அந்த அம்மாள் அழவில்லை. "அஞ்சு மாசம் தனியா இதைச் சுமந்தீங்களே" என்று மட்டும் சொன்னார். மாதந்தோறும் 20 ஆயிரம் எடுப்பது நிறுத்தப்பட்டது. 9 லட்சம் வெளியே எடுக்கப்பட்டு, அஞ்சலக மாத வருவாய்த் திட்டத்தில் இருவர் பெயரிலும் போடப்பட்டது. மாதம் 5,550 ரூபாய் வரும். அதோடு ஓய்வூதியமும் நிரந்தர வைப்பின் வட்டியும் சேர்ந்தால் செலவில் பாதியைத் தாங்கும். மற்றப் பாதியை மகன் ஏற்றிருக்கிறான். அவனுக்கும் அன்றுதான் விஷயம் தெரிந்தது. எஞ்சிய 5 லட்சத்துக்கும் குறைவான தொகை அந்த ஃபண்டிலேயே கிடக்கிறது.

2026 ஆகஸ்டில் அவருக்கு 60 நிறைகிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் கதவு அன்று அவருக்கு மறுபடி திறக்கும். அப்போது வட்டி எவ்வளவு என்பதை நிதி அமைச்சகம் காலாண்டுதோறும் தீர்மானிக்கிறது.