நம்மை மறுக்கப் போகிறவருக்காக எழுதுவோம்



தலைமை உரை என்றால் துறை கடந்து வந்த பாதையையும் இனிப் போக வேண்டிய திசையையும் பேசுவது வழக்கம். நான் அவ்வளவு பெரிதாக எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. குழியை மூடிவிட்டு ஊர் திரும்பிய பிறகு மேசையில் உட்கார்ந்து செய்கிற வேலையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கட்டுரை எழுதுவது, படம் வரைவது, இதழுக்கு அனுப்புவது, திருத்தம் கேட்டு வந்தால் திருத்துவது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக மற்றவர்களின் கையெழுத்துப் படிகளைப் படித்து வருகிறேன். நம் துறையில் மண்ணுக்கடியில் தொலைந்ததைவிட இந்த மேசையில் தொலைந்தது அதிகமோ என்ற கவலை எனக்கு உண்டு.

அரிக்கமேட்டிலிருந்து தொடங்குகிறேன். புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். மறு ஆண்டே, 1946-இல், ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இதழின் இரண்டாவது எண்ணில் அறிக்கை வந்துவிட்டது. அ. கோஷும் கிருஷ்ண தேவாவும் உடன் எழுதியது. நூறு பக்கத்துக்கு மேல். இந்த வேகத்தைப் பலரும் பாராட்டுவார்கள். நான் பாராட்டுவது வேறொன்றை.

வீலர் அங்கே இத்தாலியிலிருந்து வந்த அரிட்டைன் கலங்களின் உடைசல்களைக் கண்டார். அவற்றின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்திருந்தது. அதைக் கட்டுத்தறியாக வைத்து மற்ற எல்லாவற்றுக்கும் காலம் சொன்னார். உள்பக்கம் வட்டம் வட்டமாகப் புள்ளிக்கோலம் இழைத்த தட்டுகள் இருக்கின்றனவே, ரௌலட்டட் கலம் என்கிறோம், அதற்கும் அந்தக் கணக்கிலேயே காலம் விழுந்தது. ஊரின் தொடக்கத்தைக் கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசிக்கு முன்னால் கொண்டுபோக அவர் தயாராக இல்லை.

கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள் கழித்து, 1983-இல், விமலா பெக்லி ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஆர்க்கியாலஜி’யில் அரிக்கமேட்டை மறுபரிசீலனை செய்து ஒரு கட்டுரை எழுதினார். ரௌலட்டட் கலங்கள் அரிட்டைன் வருவதற்கு முன்பே அங்கே புழக்கத்தில் இருந்தன, ஊரின் தொடக்கம் வீலர் சொன்னதைவிட முந்தியது என்பது அவர் வாதம். அப்போது அவர் அங்கே புதிதாக ஒரு குழிகூடப் போட்டிருக்கவில்லை. அந்த அகழாய்வு பின்னால், 1989 முதல் 1992 வரை, சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடந்தது. 1983-இல் அவர் முதன்மையாக நம்பியது வீலரின் அறிக்கையைத்தான். எந்தக் கலம் எந்த அடுக்கில் கிடைத்தது, எந்த அடுக்குக்கு மேல் எந்த அடுக்கு என்பதையெல்லாம் வீலர் படத்திலும் எழுத்திலும் பதிந்து வைத்திருந்தார். அந்தப் பதிவை வைத்தே வீலரின் முடிவைப் பெக்லியால் மாற்ற முடிந்தது.

ஒரு தொல்லியல் கட்டுரைக்கு இதைவிடப் பெரிய சிறப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எழுதியவரின் முடிவு விழுந்த பிறகும் அவர் தந்த சான்று நிற்கிறது. மற்ற அறிவியலில் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கலாம். நாம் தோண்டிய குழியை இன்னொருவர் தோண்ட முடியாது. நாற்பது ஆண்டு கழித்து நம்மை மறுக்க வருகிறவருக்கு நம் கட்டுரை ஒன்றுதான் குழி. மாணவர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: எழுத உட்காரும்போது உங்களைப் பாராட்டப் போகிறவரை மனத்தில் வைக்காதீர்கள், மறுக்கப் போகிறவரை வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது சுகமான வழியில் இல்லை. என் முதல் கட்டுரை ஒரு கல்வட்டத்தைப் பற்றியது. அங்கே ஓர் இரும்பு உளி கிடைத்தது. அதை வைத்து அந்தப் புதைகுழியின் காலத்தைப் பற்றி இரண்டு பத்தி உறுதியாக எழுதி அனுப்பினேன். மதிப்பீட்டாளரிடமிருந்து ஒற்றை வரிக் கேள்வி வந்தது: உளி கிடைத்தது புதைத்த மண்ணிலா, பின்னால் கலைந்த மண்ணிலா? களக் குறிப்பேட்டை எடுத்தேன். அன்றைய பக்கத்தில் என் கையெழுத்தில் ‘உளி, கிழக்குப் பக்கம்’ என்று இருந்தது. ஆழம் இல்லை. அடுக்கு எண் இல்லை. அன்று மழை வரும்போல இருந்தது, தார்ப்பாய் கட்ட எல்லோரும் ஓடினோம், அதுவரை நினைவிருக்கிறது. உளி எங்கே இருந்தது என்பது மட்டும் நினைவில் இல்லை. அந்த இரண்டு பத்தியையும் எடுத்துவிட்டு, அடுக்கு தெரியாத பொருள் என்று பட்டியலில் சேர்த்தேன். உளி இன்றும் பத்திரமாக இருக்கிறது. அது எதற்கும் சான்றாகாது, இனி ஒருபோதும் ஆகாது. கட்டுரை எழுதும் வேலை குழிக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது என்பது அந்த ஒற்றை வரியில் எனக்குப் புரிந்தது.

என் மேசைக்கு வரும் படிகளில் எழுத்தைவிடப் படத்தில்தான் குறை அதிகம். குறுக்குவெட்டு வரைபடத்தில் அடுக்குகளை மேலிருந்து எண்ணியிருப்பார்கள், கட்டுரையில் கீழிருந்து எண்ணியிருப்பார்கள். கன்னிமண் வரை போனார்களா, தண்ணீர் ஊறி நடுவிலேயே நிறுத்தினார்களா என்று தெரியாது. ஒளிப்படத்தில் அளவுகோல் இருக்காது. இருந்தால் வடக்குக் குறி இருக்காது. அளவுகோலுக்குப் பதில் பேனாவையோ சாவிக்கொத்தையோ வைத்தவர்களும் உண்டு.

ஒரு விளிம்புத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பானை ஓடு. மேசைமேல் அதை அந்தப் பானை இருந்த வாகில் நிறுத்த வேண்டும். விளிம்பு முழுவதும் தரையில் படியும்படி கவிழ்த்து, இடைவெளியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். வெளிச்சம் மறைந்த இடம்தான் சரியான சாய்வு. பிறகு ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் வரைந்த தாளில் வைத்து எந்த வட்டத்தோடு விளிம்பு பொருந்துகிறது என்று பார்த்தால் வாயின் விட்டம் கிடைக்கும். நடுக்கோட்டுக்கு ஒரு பக்கம் ஓட்டின் வெட்டுத்தோற்றம், மறுபக்கம் வெளித்தோற்றம். துண்டு விரல் நுனி அளவே இருந்தால் விட்டம் ஊகம்தான். அதை ஊகம் என்று படத்திலேயே காட்டிவிடுங்கள். சாய்வு கொஞ்சம் தப்பினால் கிண்ணம் தட்டாகிவிடும், தட்டு மூடியாகிவிடும். அந்தப் படத்தை நம்பி இன்னொருவர் தன் ஊர்ப் பானையோடு ஒப்பிட்டு வணிகத் தொடர்பு என்று எழுதுவார். ஒரு தவறான கோடு எத்தனை கட்டுரைக்குள் போய் உட்காரும் என்று யோசித்துப் பாருங்கள்.

காலக்கணிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இன்று தமிழ்நாட்டில் தொல்லியல் என்றாலே முதல் கேள்வி எத்தனை ஆண்டு பழமை என்பதுதான். மாநிலத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட கீழடி அறிக்கை பரவலாகப் பேசப்பட்டது. கி.மு. 580 என்ற ஆண்டு எல்லோர் வாயிலும் இருந்தது. அந்த ஆண்டைத் தந்த மாதிரி 353 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்டது என்பதும் அறிக்கையில் இருக்கிறது. ஆய்வாளருக்கு ஆண்டைப் போலவே அந்த ஆழமும் முக்கியம். ஆழமும் அடுக்கும் இல்லாத ஆண்டு என் உளியைப் போலத்தான்.

ஆய்வகத்திலிருந்து வருவது நேரடியாக கி.மு. ஆண்டு இல்லை. 1950-ஆம் ஆண்டைத் தொடக்கமாக வைத்துப் பின்னோக்கி எண்ணிய ஒரு கரிம வயது, கூடவே பிழை அளவு. அதை அளவுத்திருத்த வளைகோட்டில் வைத்துத்தான் நாட்காட்டி ஆண்டுக்குக் கொண்டுவருகிறோம். நம்மைப் பொறுத்தவரை இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. கி.மு. 800-க்கும் 400-க்கும் இடைப்பட்ட காலத்தில் அந்த வளைகோடு ஏறக்குறைய மட்டமாகப் படுத்துவிடுகிறது. நூற்றாண்டுக் கணக்கில் முன்பின்னான இரண்டு கரித்துண்டுகள் கிட்டத்தட்ட ஒரே கரிம வயதைக் காட்டலாம். தமிழகத்தில் இரும்புக்காலத்திலிருந்து வரலாற்றுத் தொடக்கத்துக்கு மாறும் காலத்தைப் பற்றிய நம் விவாதத்தில் பெரும்பகுதி இந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது. எனவே ஒற்றை ஆண்டை மட்டும் தந்து நிறுத்தாதீர்கள். ஆய்வக எண், என்ன பொருள், கரித்துண்டா நெல்லா, திருத்தாத வயது, பிழை அளவு, எந்த வளைகோடு, திருத்திய பின் வந்த முழு நெடுக்கம், எல்லாவற்றையும் அட்டவணையில் கொடுங்கள். நெல்மணி ஒரு பருவத்துப் பயிர். கரித்துண்டு முதிர்ந்த மரத்தின் நடுவயிரமாக இருந்தால், அடுப்பில் எரிந்த நாளைவிடப் பல பத்தாண்டு மூப்பாகக் காட்டும். பொருந்தாமல் வந்த மாதிரியையும் ஒளிக்காமல் சேர்த்துவிடுங்கள். நாளைக்கு வளைகோடு திருத்தப்படும். அப்போது உங்கள் எண்களை எடுத்து மறுபடி கணக்கிட இன்னொருவரால் முடிய வேண்டும்.

எல்லா விவரத்தையும் கொடுப்பதற்கு அத்திரம்பாக்கம் நல்ல எடுத்துக்காட்டு. 1863-இல் புரூஸ் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் கண்ட இடம். அங்கே சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் 1999-இல் தொடங்கிய அகழாய்வின் ஒரு பகுதி ‘நேச்சர்’ இதழில் 2018-இல்தான் கட்டுரையாக வந்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கற்கருவிகளை ஆராய்ந்து எழுதியது. அச்சில் சில பக்கங்கள். அதோடு இணைத்த துணைத்தரவுகளைத் திறந்து பாருங்கள், காலக்கணிப்பு எப்படிச் செய்தார்கள் என்ற விவரம் படிப்படியாக இருக்கும். இத்தனை ஆண்டுப் பொறுமை எல்லோருக்கும் வாய்க்காது என்பது தெரியும். ஆனால் அவசரத்தில் எதை விட்டுவிடுகிறோம் என்றாவது தெரிந்துகொள்ளலாம்.

ஊர் ஊராகப் போய் நடுகல்லும் கல்வெட்டும் தேடும் ஆசிரியர்கள், அஞ்சலக ஊழியர்கள், விவசாயிகள் பலர் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். உங்கள்மேல் எனக்கு அளவற்ற மதிப்பு. உரிமையோடு ஒன்று சொல்கிறேன். கல்லைக் கண்டதும் படம் வாட்ஸ்அப்பில் போகிறது, மறுநாள் நாளிதழில் செய்தி வருகிறது, அத்தோடு வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். செய்தி வரட்டும், ஊர்க்காரர்களுக்குக் கல்மேல் மதிப்பு வரும். ஆனால் அதற்குப் பிறகு மைப்படி எடுத்து, வரி வரியாகப் பாடம் எழுதி, சிதைந்த எழுத்தை அடைப்புக்குள் போட்டு, ஊகித்த எழுத்து எது, கண்ணால் கண்டது எது என்று பிரித்து இதழுக்கு அனுப்புங்கள். சாலை விரிவாக்கத்தில் கல் போய்விட்டால் பாடமாவது மிஞ்சும். ‘ஆவணம்’ போன்ற இதழ்கள் இதற்காகவே நடக்கின்றன. நான்கு பக்கம் போதும்.

தமிழில் எழுதினால் மதிப்பில்லை என்று மாணவர்கள் தயங்குகிறார்கள். பிறமொழி அறிஞர்கள் படிக்க ஆங்கிலத்தில் எழுதத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நாம் தோண்டிய மேட்டை உழுகிறவர் தன் நிலத்தில் என்ன கிடைத்தது என்று படிக்க முடியாத கட்டுரையை மட்டுமே எழுதிவிட்டுப் போவது எனக்கு உறுத்துகிறது. இரண்டு மொழியிலும் எழுதுங்கள். அனுப்பும்போது யூனிகோடில் அனுப்புங்கள். பழைய எழுத்துருவில் வரும் படியை மாற்றும்போது புள்ளியும் கொம்பும் இடம் மாறி, கல்வெட்டுப் பாடம் வேறு பாடமாகிவிடுகிறது.

திருத்தம் கேட்டு வரும் கடிதத்தைக் கண்டு சோர்ந்துபோகாதீர்கள். ஒரு வாரம் தள்ளி வைத்துவிட்டு மறுபடி படியுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் என்ன மாற்றினீர்கள், எதை ஏன் மாற்றவில்லை என்று தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். ஏற்க முடியாததை மரியாதையாக மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. மதிப்பீட்டாளர்களாக இருக்கும் மூத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆறு மாதம் படியைக் கையில் வைத்திருந்துவிட்டு ‘ஏற்புடையதன்று’ என்று ஒற்றைச் சொல்லில் திருப்பாதீர்கள். நேரமில்லை என்றால் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு இரண்டு நாளில் அச்சிட்டுத் தருகிற இதழ்களிடம் பிள்ளைகள் போவதற்கு நம்முடைய தாமதமும் ஒரு காரணம். அந்த இதழ்களில் போட்ட கட்டுரையை யாரும் மறுக்கக்கூட வரமாட்டார்கள்.

கூலிக்கு வந்து குழியில் மண் அள்ளியவர்களின் பெயரைக் கட்டுரையின் நன்றியில் சேருங்கள். மண்ணின் நிறம் மாறியதை முதலில் கண்டு சொன்னது பெரும்பாலும் அவர்கள்தான்.

மாநாட்டுக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன், ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு நாளும் மதிய உணவுக்குப் பிறகு ஒரு மணி நேரம், மண்டபத்தின் பின்பக்கம் நீள மேசை போட்டிருக்கும். இதழாசிரியர்கள் நால்வரும் நானும் அங்கே இருப்போம். முடித்த கட்டுரை வேண்டாம். உங்கள் களக் குறிப்பேட்டையும் ஒரு குறுக்குவெட்டு வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். முதல் அமர்வுக்கு நேரமாகிவிட்டது. கொடுமணல் மணிகளைப் பற்றிய கட்டுரையோடு மாநாட்டைத் தொடங்கலாம்.