ஆற்றங்கரையில் ஒரு கூடாரம்



விடுமுறை என்பது செல்வர்க்கு மட்டும் உரிய பொருளா? அன்று, உழைப்போர்க்கும் அது உரியதே என்று 1936-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாடு சட்டம் இயற்றிற்று. லியோன் பிளம் தலைமையில் அமைந்த அரசு, தொழிலாளர்க்கு ஆண்டுதோறும் இரண்டு வாரம் சம்பளத்துடன் கூடிய ஓய்வை அளித்தது. ரயில் கட்டணத்தையும் குறைத்தது. ஊரைவிட்டு வெளியே செல்ல அறியாதிருந்த குடும்பங்கள் ரயிலிலும் சைக்கிளிலும் புறப்பட்டன. ஓட்டலில் தங்க வசதியற்றோர் கூடாரத்தைச் சுமந்து சென்றனர். அன்றைய இரண்டு வாரம், 1982-இல் ஐந்து வாரமாயிற்று. ஆற்றங்கரைகளில் கூடாரமிட்டுத் தங்கும் வழக்கம் அந்நாட்டில் வேரூன்றியதற்கு இச்சட்டம் பெருந்துணை செய்தது.

அத்தகைய கூடாரம் ஒன்றில், என் மகளோடும் மருமகனோடும் ஒரு வாரம் தங்கும் பேறு எனக்குக் கிட்டிற்று. இடம், தென்மேற்குப் பிரான்ஸில் தொர்தோஞ் ஆற்றங்கரை. காலம், ஜூன் மாதம். அருகிலிருந்த சிற்றூரின் பெயர் லா ரோக் கஜாக்.

பின்னே செங்குத்தான பாறை, முன்னே ஆறு, இரண்டிற்கும் இடையே மஞ்சள் நிறக் கல்வீடுகள். இதுவே அவ்வூர். தெற்கு நோக்கி நிற்கும் பாறை வெயிலை வாங்கித் தேக்கி வைப்பதால், அங்கே பனையினச் செடிகளும் வாழையுங்கூட வளர்கின்றன. ஆயினும் காக்கும் பாறையே கொல்லவும் வல்லது. 1957-இல் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்து வீடுகளை நொறுக்கி, மூவர் உயிரைக் குடித்தது. ஊரார் மீண்டும் கட்டிக்கொண்டு அங்கேயே வாழ்கின்றனர்.

ரயில் வருவதற்கு முன் இவ்வாறே பெருவழியாக இருந்தது. தட்டையான அடிப்பாகமுடைய படகுகள் மரத்தையும் திராட்சை மதுவையும் ஏற்றிச் சென்றன. மலைப்பகுதியிலிருந்து வந்த படகுகள் பலவற்றை நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்பக் கொண்டுபோதல் அரிது. ஆதலால் சரக்கை இறக்கியபின், படகையே பிரித்து மரமாக விற்றுவிடுவர்! இன்று அந்நீரில் செல்பவை உல்லாசப் படகுகளே.

கூடார வாழ்வு எளியது. காலையில் ரொட்டிக் கடைக்கு நடை. பொதுக் குழாயில் பாத்திரம் கழுவுதல். பகலில் மர நிழலில் படிப்பு. இரவு ஒன்பதரை மணிக்குப் பின்னரே கதிரவன் மறைகிறான். எங்களுக்கிடையே மதிற்சுவர் இல்லை, மெல்லிய துணியே சுவர். ஆகவே பத்து மணிக்கு மேல் ஒருவரும் உரக்கப் பேசுவதில்லை. காவலர் எவரும் அதட்டக் கண்டிலேன். அயலான் உறக்கத்தை மதிக்கும் இப்பழக்கம், குடிமைப் பயிற்சியின் முதற் பாடமன்றோ?

அங்கிருந்து வடக்கே வெசேர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் லாஸ்கோ குகை இருக்கிறது. 1940-இல் நான்கு சிறுவர்கள் அதனுள் நுழைந்து, ஏறத்தாழ 17,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட காளை, குதிரை, மான் ஓவியங்களைக் கண்டனர். 1948 முதல் மக்கள் திரள் திரளாக வந்தனர். வந்தவர்கள் விட்ட மூச்சே ஓவியங்களுக்குப் பகையாயிற்று! ஈரமும் கரிவாயுவும் மிகுந்து சுவரில் பாசி படர்ந்தது. 1963-இல் குகையைப் பொதுமக்களுக்கு மூடிவிட்டனர். நாங்கள் கண்டது, அருகில் நுட்பமாக அமைத்துள்ள மறுபடிவமே.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். அழகைக் காணும் உரிமை அனைவர்க்கும் வேண்டும். அதற்காகவே 1936-இல் சட்டம் செய்தனர். ஆனால் அனைவரும் காணுங்கால், காண்பதனாலேயே அது அழியவும் கூடும். கூடாரத்தைப் பிரித்தால் அதனடியில் புல் வெளுத்திருக்கும். சில நாளில் மீண்டும் பசுமை பெறும். குகை ஓவியம் அவ்வாறு மீள்வதில்லை. எது மீளும், எது மீளாது என்று பகுத்தறிந்து நடப்பவனே நல்ல பயணி. மலைக்கோ அருவிக்கோ பழங்கோயிலுக்கோ சுற்றுலாச் செல்லும்போது, இளைஞர்களே, இவ்வொரு கேள்வியை உடன் எடுத்துச் செல்லுங்கள்.