நீலத் திமிங்கிலத்தைத் தேடிப் போனவர்

இரண்டே நிமிடம் பேசுகிறேன்.

கிரெய்க் லீசன், டாஸ்மேனியாவைச் சேர்ந்த ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிச் செய்தியாளர். சிறுவயது முதலே நீலத் திமிங்கிலம் என்றால் அவருக்கு உயிர். அதைப் படம்பிடிக்க இலங்கைக் கடலுக்குப் போனார். திமிங்கிலத்தைப் பார்த்தார், கரையை விட்டு வெகுதூரத்தில் பிளாஸ்டிக் குப்பை மிதப்பதையும் பார்த்தார். செய்தியாளர் அல்லவா? 'இது எங்கிருந்து வந்தது?' என்று தேடத் தொடங்கினார். 4 ஆண்டுகள், உலகெங்கும் 20 இடங்கள். 2016-இல் 'எ பிளாஸ்டிக் ஓஷன்' ஆவணப்படம் வந்தது.

அதில் இறந்த கடற்பறவைக் குஞ்சுகளின் வயிற்றைத் திறந்து காட்டுகிறார்கள். உள்ளே பிளாஸ்டிக் துண்டுகள். இரை என்று நினைத்துப் பெற்ற பறவைகளே ஊட்டியவை.

பிளாஸ்டிக் மக்காது, வெயிலிலும் அலையிலும் பொடியாகும், அவ்வளவுதான். பொடியானதைக் கடலிலிருந்து யார் பொறுக்குவது? ஆகவே தடுக்க வேண்டிய இடம் நம் சமையலறை. பால் கவரின் மூலையைத் தனித் துண்டாக வெட்டி எறியாதீர்கள். கவரோடு ஒட்டியிருக்கும்படி வெட்டி, கழுவி, மக்காத குப்பையில் போடுங்கள். நாளைக் காலைப் பாலிலிருந்தே தொடங்கலாம்.

படத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.