பழைய காருக்கு ஏற்ற டயர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1964 ஆம் ஆண்டில் பொன்டியாக் கம்பனியார் ஒரு துணிகரமான காரியஞ் செய்தனர். நடுத்தர அளவுள்ள, விலை மிகாத ஒரு காரினுள், பெரிய கார்களுக்கென அமைந்த 389 கன அங்குல எந்திரத்தைப் பொருத்தி, அதற்கு ஜி.டி.ஓ. எனப் பெயரிட்டு விற்றனர். அதன் வலு 325 பரிவலு. இளைஞர்கள் அதனை விரும்பி வாங்குவதைக் கண்ட ஏனைய கம்பனிகளும் அவ்வழியே சென்றன. ஆறு ஆண்டுகள் செல்லுமுன்னரே, செவர்லே கம்பனியாரின் செவெல் கார் ஒன்று 450 பரிவலுவுடன் வெளிவந்தது. ‘மசில் கார்’ எனப் பெயர் பெற்றவை இவையே. காப்புறுதிக் கட்டண உயர்வும், புகை பற்றிய சட்டங்களும், 1973 இல் வந்த எண்ணெய் நெருக்கடியும் இவற்றின் காலத்தை முடித்து வைத்தன. எஞ்சிய கார்களை அந்நாட்டார் இன்று குடும்பச் சொத்துப்போற் போற்றுகின்றனர். எந்திரத்தை மீளக் கட்டுகின்றனர். பழைய நிறத்தைத் தேடிப் பூசுகின்றனர். ஆயினும், டயரைத் தெரிவு செய்யும் இடத்திற்கு வந்ததும் பலர் திகைத்து நிற்கின்றனர்.

திகைப்பிற்குக் காரணம் உண்டு. ஒரு காரில் நிலத்தைத் தொடுவன நான்கு இடங்கள் மாத்திரமே. ஒவ்வோரிடமும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கையின் அகலமே. முந்நூறு, நானூறு பரிவலுவும் அவ்விடங்களின் வழியாகவே வீதிக்குச் செல்லவேண்டும். தடுப்பை அழுத்தும்போது காரை நிறுத்துவனவும் அவையே. ஆகவே, டயர் அழகுப் பொருள் மாத்திரமன்று. ஆனால் பழைய காரின் சொந்தக்காரருக்கு அது அழகுப் பொருளுங்கூட. 1964 ஆம் ஆண்டின் ஜி.டி.ஓ. காருக்குப் பக்கச் சுவரிலே மெல்லிய செங்கோடு ஓடும் டயர் பொருந்தும். அக்காரிலே இன்றைய வெறுங்கறுப்பு டயரைப் பூட்டினால், பட்டு வேட்டி உடுத்தவர் காலிலே இறப்பர்ச் செருப்பை அணிந்தது போலிருக்கும். 1960களின் இறுதியில் வந்த கார்களுக்கோ பக்கச் சுவரிலே புடைத்து நிற்கும் வெள்ளை எழுத்துக்களே அடையாளம். ஃபயர்ஸ்டோன் வைட் ஓவல், குட்இயர் பொலிகிளாஸ் என்னும் பெயர்கள் அக்காலத்து இளைஞரின் நாவில் நின்றவை.

அக்காலத்து டயரின் உடலமைப்பை அறிந்தாலன்றி இன்று எதை வாங்குவது என்று தீர்மானிக்க இயலாது. பழைய டயரின் இறப்பருக்குள்ளே நைலோன் முதலிய இழைகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் சாய்வாகச் செல்லும். இதனைக் குறுக்கிழை டயர் எனலாம். பொலிகிளாஸ் டயரிலே இக்குறுக்கிழைகளின் மேல், தரையைத் தொடும் பகுதியின் கீழே, கண்ணாடி நாராலான ஒரு பட்டி சுற்றப்பட்டிருந்தது. பிரான்சு நாட்டு மிஷெலின் கம்பனியார் 1946 இல் உரிமம் பெற்ற ஆரை டயரிலோ, இழைகள் சில்லின் நடுவிலிருந்து ஆரைக்கால்கள் போல நேரே செல்லும். அவற்றின் மேல் உருக்குப் பட்டி இருக்கும். இதனால் பக்கச் சுவர் இளகிக் கொடுப்பினும் தரையைத் தொடும் பகுதி மட்டமாகப் படிந்து நிற்கும். வளைவிலும் ஈர வீதியிலும் இதன் பிடிப்பு மேலானது. குறுக்கிழை டயர் வீதியில் உள்ள நீண்ட பள்ளங்களின் போக்கிலே காரை இழுத்துச் செல்லும். ஓரிரவு நிறுத்திவைத்த காரின் நைலோன் டயர், காலையிலே தட்டையான இடம் விழுந்து, சிறிது தூரம் ஓடிச் சூடேறும் வரை ‘தடக், தடக்’ என்று அதிரும்.

இன்று மூவகையான டயர்கள் கிடைக்கின்றன. முதலாவது, பழைய அச்சின்படி புதிதாகச் செய்யப்பட்ட குறுக்கிழை டயர். டென்னசி மாநிலத்துச் சட்டனூகா நகரில் 1958 இல் தொடங்கிய கோக்கர் நிறுவனமும், மிசூரி மாநிலத்துக் கெல்சி நிறுவனமும் பழைய கம்பனிகளின் அநுமதியுடன் இத்தகையவற்றை விற்றுப் பெயர் பெற்றவை. இரண்டாவது, வெளித்தோற்றத்திலே பழையதும் உள்ளே ஆரை அமைப்பும் கொண்ட டயர். மூன்றாவது, பி.எஃப். குட்ரிச் கம்பனியாரின் ரேடியல் டி.ஏ. போன்று, 1970களிலிருந்து வெள்ளை எழுத்துடன் வரும் ஆரை டயர். காட்சிக்கு வைக்கும் காராயின் முதலாவது தகும். நடுவர்கள் டயரின் பெயரையும் அளவையும் குனிந்து பார்ப்பவர்கள். மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடும் காராயின், ஆரை டயரன்றி வேறொன்றை வாங்குவது சரியன்று. தோற்றத்தில் சிறிது குறை வருமெனில் வரட்டும். இன்னுமொன்று: முன்னே ஒருவகை, பின்னே ஒருவகை என்று கலத்தலாகாது. வளைவிலே முன்னும் பின்னும் வேறுவேறாக நடந்துகொள்ளும் கார் ஓட்டுநரின் கைக்கு அடங்காது.

அளவு குறிக்கும் முறையும் மாறிவிட்டது. பழைய டயரிலே ‘எஃப் 70-14’ என்றிருக்கும். எழுத்து, டயர் தாங்கக்கூடிய பாரத்தைக் குறிப்பது. ‘ஈ’ அதனிலும் சிறிது, ‘ஜி’ அதனிலும் பெரிது. எழுபது என்பது டயரின் அகலத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு அதன் பக்கச் சுவரின் உயரம் என்பதாம். பதினான்கு, சில்லின் விட்டம், அங்குலக் கணக்கு. இதற்கு ஏறத்தாழ ஒத்த இன்றைய அளவு 215/70 ஆர் 14. ஏறத்தாழ என்பதை மறத்தலாகாது. வாங்குமுன் உயரத்தையும் அகலத்தையும் அளந்து, சில்லைத் திருப்பும்போது காரின் உடலில் உரசுமா என்று பார்க்கவேண்டும். பழைய கையேட்டிலே உள்ள காற்றழுத்தம் குறுக்கிழை டயருக்கு விதித்தது. ஆரை டயருக்கு அதை அப்படியே கொள்ளலாகாது.

யாவற்றினும் முக்கியமானது டயரின் வயது. மசில் கார் ஆண்டிலே சில நூறு மைல்களே ஓடும். பத்தாண்டு சென்ற பின்னும் டயரின் பள்ளங்கள் ஆழமாகவே இருக்கும். பார்ப்பவர், புதியது என்றே நினைப்பர். ஆனால் உள்ளே இறப்பர் இறுகிப் பிடிப்பை இழந்திருக்கும். 2013 நவம்பரில் நடிகர் போல் வோக்கர் கலிபோர்னியாவில் உயிரிழந்த விபத்தை ஆராய்ந்த அதிகாரிகள், மிகையான வேகமே காரணமென்றனர். கூடவே, அந்த ஜேர்மன் காரின் டயர்கள் ஒன்பதாண்டுப் பழையன என்பதையும் எடுத்துக் காட்டினர். 2000 ஆம் ஆண்டு முதல், அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு டயரிலும் டி.ஓ.டி. என்னும் எழுத்துக்களுடன் தொடங்கும் குறியீட்டின் இறுதி நான்கு இலக்கங்கள் பிறந்த நாளைச் சொல்லும். 2319 என்றிருப்பின், 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் செய்யப்பட்டது. வெள்ளை எழுத்து வெளியே தெரியும்படி பூட்டும்போது இவ்விலக்கங்கள் பெரும்பாலும் உட்பக்கம் போய்விடும். காரின் கீழே படுத்துத்தான் பார்க்கவேண்டும். கார் செய்வோர் பலர் ஆறாண்டுக்குப் பின் மாற்றச் சொல்கின்றனர். டயர் செய்வோர், பத்தாண்டுக்கு மேல் எவ்வாற்றானும் கூடாதென்கின்றனர். பழைய சாயல் டயர் மெதுவாக விற்பனையாகும் சரக்கு. ஆதலால் கடையிலேயே வயதைப் பார்த்து வாங்குவது நன்று.

இனி, துப்புரவு. இறப்பர்ப் பாலைக் கண்டவர்கள் அறிவர். அது இயல்பிலே வெண்மை. வலுவும் தேய்வைத் தாங்கும் திறமும் வரும்பொருட்டுச் சேர்க்கும் காபன் கரியே டயரைக் கறுப்பாக்குகிறது. வெள்ளை எழுத்து, கரி சேராத ஒரு மெல்லிய படை. அதற்கு மேல் நீல நிறப் பூச்சொன்று பூசப்பட்டுப் புது டயர் கடைக்கு வரும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பூட்டியவுடன், வெயிலிற் காயவிடுமுன்னர், இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் இட்டு மென்மையான தூரிகையாற் தேய்த்தால் அது கரைந்துவிடும். கத்தியாற் சுரண்டுவது அறியாமை.

சில மாதங்களில் வெள்ளை பழுப்பாகும். ஒருவர் மற்றவரின் காரைக் கண்டு, ‘சோம்பேறி, கழுவுவதில்லை’ என நினைப்பது இதனால்தான். உண்மையில் அது அழுக்கன்று. காற்றிலுள்ள ஓசோன் இறப்பரை வெடிக்கச் செய்வதால், அதைத் தடுக்கும் ஒரு மருந்தை இறப்பரிலே கலக்கின்றனர். அம்மருந்து சிறிது சிறிதாக வெளியே கசிந்து, ஓசோனைத் தானே ஏற்றுப் பழுப்பாகிறது. டயர் உருண்டு நெளியும்போதுதான் மருந்து நன்கு மேலே வரும். ஓடாமல் நிற்கும் காரின் டயர் விரைவில் வெடிப்பதற்கு இது ஒரு காரணம்.

பழுப்பைப் போக்க, நிழலிலே, சில்லு குளிர்ந்திருக்கும்போது, ஒரு நேரத்தில் ஒரு டயராக எடுத்துக்கொள்ள வேண்டும். சவர்க்கார நீரும் கடினமான தூரிகையும் கறுப்புப் பகுதிக்குப் போதும். வெள்ளை எழுத்துக்கு, சவர்க்காரமூட்டிய மெல்லிய உருக்குப் பஞ்சினால் இலேசாகத் தேய்த்தால் பால் போலாகும். துணி வெளுக்கும் குளோரின் நீரை ஊற்றுவோர் உளர். அன்று வெண்மை தோன்றும். நாளடைவில் இறப்பர் உலர்ந்து மஞ்சளிக்கும். அடிக்கடி உருக்குப் பஞ்சிடுவதும் தீது. வெள்ளைப் படை தேய்ந்து, உள்ளிருக்கும் கரி வெளிப்பட்டால், அதைத் திரும்பப் பெற வழியில்லை. பின்னர் பளபளப்புக்குப் பூசுவதாயின் நீரை மூலமாகக் கொண்ட பூச்சே உகந்தது. பெற்றோலியத்தாலானது அந்தப் பாதுகாப்பு மருந்தையே கரைத்து இழுத்துவிடும். தரையைத் தொடும் பகுதியிலே எப்பூச்சும் படலாகாது. முதல் வளைவிலேயே கார் வழுக்கும்.

கழுவிய நீர் செல்லுமிடத்தையும் கவனித்தல் வேண்டும். மேற்குறித்த மருந்து ஓசோனுடன் சேர்ந்து மாறிய ஒரு பொருள், கோஹோ சல்மன் என்னும் மீன்களைச் சில மணி நேரத்திலேயே கொல்லுகின்றது என வாஷிங்டன் மாநிலத்து ஆராய்ச்சியாளர்கள் 2020 இன் இறுதியில் வெளியிட்டனர். வீதிகளில் தேய்ந்த டயர்த் துகள்களை மழை அடித்துச் சென்று ஓடைகளிற் சேர்ப்பதையே அவர்கள் ஆராய்ந்தனர். ஆயினும் தூரிகையில் வரும் அந்தப் பழுப்பு நீரிலும் அப்பொருள் இருக்கக்கூடும். ஆதலால் அதை வடிகானில் விடாமல், காரைப் புற்றரையிலோ சரளைக்கல் நிலத்திலோ நிறுத்திக் கழுவலாம்.