வங்கி ஏலத்தில் வீடு வாங்குவது - என் அனுபவம்

(புனே கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

செயலாளர் என்னை முதுமையில் ஆரோக்கியம் பற்றிப் பேசச் சொன்னார். தினம் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்கிறவன் அதைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்? அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த, பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

2019-ல் என் மாப்பிள்ளை பேப்பரில் ஒரு ஏல அறிவிப்பைக் காட்டினார். கடன் கட்டாததால் வங்கி எடுத்துக்கொண்ட இரண்டு படுக்கையறை ஃப்ளாட். ரிசர்வ் விலை 62 லட்சம். அதே கட்டடத்தில் அப்போது 80 லட்சத்துக்குக் குறைந்து கிடைக்காது. "மாமா, விடக்கூடாது" என்றார். என் கிராச்சுவிட்டிப் பணத்தில் மிச்சம் இருந்த 10 லட்சத்தையும் சேர்த்து இறங்கினோம்.

முன்பணம் ரிசர்வ் விலையில் 10 சதவீதம், 6 லட்சத்து 20 ஆயிரம். கம்ப்யூட்டரில் நடந்த ஏலம் 64 லட்சத்தில் எங்களுக்கு முடிந்தது. ஸ்வீட் வாங்கிக் கொடுத்தோம். அதற்குப் பிறகுதான் விதிகளை ஒழுங்காகப் படித்தேன். முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் ஃபைல் பார்த்தவன் செய்கிற காரியமா இது!

2002-ல் வந்த சர்பாசி சட்டத்தின் விதிகள்படி, ஏலத் தொகையில் 25 சதவீதத்தை அன்றே, அல்லது அடுத்த வேலை நாளுக்குள் கட்டியாக வேண்டும். முன்பணம் போக 9 லட்சத்து 80 ஆயிரம், கட்டிவிட்டோம். மீதி 48 லட்சத்தை விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாளில் கட்ட வேண்டும். மாப்பிள்ளை வேறொரு வங்கியின் வீட்டுக் கடனை நம்பியிருந்தார். அவர்களோ, ஃப்ளாட்டில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், கடன் தர முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். தவணை தவறினால் கட்டிய 16 லட்சமும் போய்விடும். எழுதிக் கொடுத்து அவகாசம் கேட்டோம். இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 3 மாதத்துக்கு மிகாமல் நீட்டிக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. அந்த ஒரு வரிதான் காப்பாற்றியது. என் ஃபிக்ஸட் டெபாசிட், ஆத்துக்காரியின் நகை, சம்பந்தியிடம் கைமாற்று எல்லாம் சேர்த்துக் கட்டினோம்.

"கோர்ட்டுக்குப் போனால் திரும்பக் கிடைக்காதா?" என்று சிலர் கேட்பதுண்டு. 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் இதைத் தீர்த்துவிட்டது. ஒரு வழக்கில், 25 சதவீதம் முழுவதையும் வங்கி பறிமுதல் செய்தது சரியே என்று தீர்ப்பு. ஆகையால் மீதிப் பணத்துக்கு வழி தெரியாமல் ஏலத்தில் கை தூக்காதீர்கள்.

அறிவிப்பில் இன்னொரு சொல்லைக் கவனிக்க வேண்டும். 'பிசிகல் பொசஷன்' என்றால் சாவி வங்கியின் கையில் இருக்கிறது. 'சிம்பாலிக் பொசஷன்' என்றால் கதவில் நோட்டீஸ் மட்டும்தான் ஒட்டியிருக்கிறது; உள்ளே குடும்பம் இருக்கிறது. எங்களுடையது இரண்டாவது ரகம். வங்கி மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கி, நடுவில் கொரோனாவும் வந்து, சாவி கைக்கு வரப் பதினாலு மாதம் ஆயிற்று.

சொஸைட்டியில் பழைய பாக்கி 2 லட்சத்து 80 ஆயிரம். அதுவும் எங்கள் தலையில்தான். 'எங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே' என்ற நிபந்தனையோடு விற்றால் பழைய பாக்கி வாங்கினவரைத் தொடர்ந்து வரலாம். பழைய மின் கட்டண பாக்கியை ஏலத்தில் எடுத்தவரிடம் வசூலிக்கலாம் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கிறது. நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. லேபில் லேபிள் இல்லாத பாட்டிலைத் தொடமாட்டோம். இங்கே 64 லட்சத்தைக் கொட்டிவிட்டு சொஸைட்டி ஆபீஸுக்கு ஒரு நடை போகாமல் இருந்துவிட்டேன்.

ஏலத்துக்கு முன் வீட்டைப் பார்க்க ஒரு நாள் கொடுப்பார்கள். நாங்கள் போனபோது கதவைத் திறந்தது ஒரு மராட்டிக் கிழவி. எதற்கு வந்திருக்கிறோம் என்று தெரிந்தும், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். பிள்ளை வியாபாரத்துக்கு வாங்கிய கடனாம். திரும்பும்போது என் மனைவி, "ஏன்னா, நமக்கு இது வேண்டாமே" என்றாள். மாப்பிள்ளை, "நாம விட்டா இன்னொருத்தர் எடுப்பா" என்றார். இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. வங்கி தன் பாக்கியையும் செலவையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கடன்காரருக்குத் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஏலம் உயர்ந்தால் அவர்களுக்கும் ஏதோ கிடைக்கும். அதைச் சொல்லி மனைவியைச் சமாதானப்படுத்தினேன். அவள் சமாதானம் ஆனாளா என்பது வேறு விஷயம். பால்கனியில் அவர்கள் விட்டுப்போன துளசிக்கு இன்றும் அவள்தான் தண்ணீர் விடுகிறாள்.

50 லட்சமும் அதற்கு மேலும் போனால் 1 சதவீதம் வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். எங்களுக்கு 64 ஆயிரம். ஸ்டாம்ப் டியூட்டி தனி. பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துக்கள் 2025 ஜனவரி முதல் 'பேங்க்நெட்' தளத்தில் வருகின்றன. எங்கள் அறிவிப்பின் ஜெராக்ஸ் கொண்டுவந்திருக்கிறேன். எந்த வரியை முதலில் பார்க்க வேண்டும் என்று சிவப்பில் கோடு போட்டிருக்கிறேன். காபி சாப்பிட்ட பிறகு வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.