ஆறு துண்டு சேர்ந்தால் ஒரு பெட்டி

(மட்டக்களப்பு வாவிக் கரைக்குத் தோட்டக் குடும்பங்கள் சுற்றுலா சென்றபோது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு)



கல்லடிப் பாலத்தைப் பார்த்தாச்சு. பாடும் மீனைக் கேட்கணும் என்றால் ராத்திரி வரை இருக்கணும், நம்ம பஸ் ஐந்து மணிக்குக் கிளம்புது. அதுவரைக்கும் நிழலில் உட்கார்ந்து ஒரு கைவேலை பழகுவோம்.

தென்னோலையில் பந்து பின்னுகிறார்களே, பசையும் இல்லை, நூலும் இல்லை. ஓலை ஓலையையே பிடித்துக்கொள்ளும். நம்ம மலையில் தென்னோலைக்கு எங்கே போவது? காகிதம் உண்டு. பழைய கலண்டர் தாள், எழுதி முடித்த கொப்பி, எல்லாம் உதவும். ஒரே மாதிரி பல துண்டுகள் மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி உருவம் செய்கிற முறை இது. நாம் பழகப்போகிற துண்டுக்கு ஜப்பானியரான மிட்சுனோபு சொனோபேயின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். காகித மடிப்பு நமக்கும் புதிசு இல்லை. சென்னையில் 1893இலேயே சுந்தர ராவ் என்ற அரசாங்க உத்தியோகத்தர், காகிதத்தை மடித்தே கேத்திர கணிதம் படிக்கலாம் என்று ஒரு புத்தகம் போட்டார். பாலர் வகுப்புக் காகித மடிப்புத்தான் அவருக்கு அந்த யோசனையைக் கொடுத்தது.

சரி, சதுரத் தாள் எடுங்கள். நெட்டாக நடுவில் மடித்துப் பிரியுங்கள். இடது வலது ஓரங்களை நடுக்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள், அலுமாரிக் கதவு மாதிரி. கதவைத் திறந்து, வலது கீழ் மூலையையும் இடது மேல் மூலையையும் மட்டும் பக்கத்து மடிப்புக் கோடு வரை சின்ன முக்கோணமாக மடியுங்கள். கதவை மூடுங்கள். இப்போது கீழ் விளிம்பைத் தூக்கி வலது ஓரத்தோடு சேர்த்து மடித்து, அந்த நுனியை வலது கதவுக்கு அடியில் செருகுங்கள். மேல் விளிம்பு இடது ஓரத்துக்கு, இடது கதவுக்கு அடியில். சாய்ந்த பெட்டி மாதிரி வந்துவிடும். அதைத் திருப்பிப் போட்டு, கூர் நுனி இரண்டையும் உள்ளே மடித்தால் சதுரம். ஒரு துண்டு முடிஞ்சுது.

ஆறு துண்டு இருந்தால் பெட்டி. பன்னிரண்டும் முப்பதும் முள்ளு முள்ளாக நட்சத்திரம் ஆகும். அதுக்கு ஒவ்வொரு துண்டிலும் குறுக்கே இன்னொரு மடிப்பு வேணும். முதல் நாளே முப்பதுக்குப் போகாதீர்கள், அலுத்துப்போகும். நகத்தால் அழுத்தித் தேய்த்து மடியுங்கள். கொழுந்து எடுக்கிற விரலுக்கு இது பெரிய வேலையா?

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். எல்லாத் துண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கணும். ஒன்று மாறினாலும் செருகாது. இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

பிள்ளைக் காம்பராவில் முதல் முறை பழக்கினபோது, மேசைக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள், இந்தப் பக்கம் நாங்கள். பாதித் துண்டு சேரவே இல்லை. ஒரு பிள்ளையின் ஆறு துண்டுமே மறுபக்கம் சாய்ந்திருந்தது. "உனக்குக் கை வராது" என்று சொல்லிவிட்டோம். அடுத்த கிழமை அந்தப் பிள்ளை வரவில்லை. அம்மாவிடம் கேட்டோம். "நீங்கதானே ஐயா கை வராதுன்னு சொன்னீங்க" என்றார்.

வீட்டுக்குப் போய் அந்த ஆறையும் எடுத்துப் பார்த்தோம். பிறகுதான் விளங்கினது. எதிரே உட்கார்ந்த எங்களைப் பிள்ளை கண்ணாடியில் பார்க்கிற மாதிரிப் பார்த்து மடித்திருக்கு. ஆறும் ஒரே பக்கம்தான். எங்கள் துண்டோடு சேரவில்லையே தவிர, ஒன்றோடு ஒன்று அழகாகச் சேர்ந்து பெட்டி ஆயிட்டுது. அதை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனோம். பிள்ளையிடமும் அம்மாவிடமும், "பிழை எங்களுடையது" என்று சொல்லிக் கொடுத்தோம். பிள்ளை வாங்கினது, ஒன்றும் பேசவில்லை. ஆனால் இன்றைக்கு பஸ்சில் வந்திருக்கு.

சரி, தாளை எடுத்துக்கொண்டு எல்லாரும் எங்கள் பக்கமாக வந்து உட்காருங்கள். எதிரே வேண்டாம். காற்று அடிக்குது, மடித்த துண்டு மேலே ஒரு கல்லை வையுங்கள்.