சம்பும் நாமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாவலரும் பாவலரும் பேசிய இம்மேடையில், சேற்றில் முளைக்கும் ஒரு செடியைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். பள்ளியிறுதித் தேர்வுடன் கல்விக்கு விடை கொடுத்து, இருப்புப்பாதை அலுவலகக் கோப்புகளோடு காலங்கழிக்கும் எமக்குத் தாவர நூற்புலமை கிடையாது. ஆயினும் அச்செடிக்கு நாம் கடன்பட்டிருக்கின்றோம். அக்கடனை ஒப்புக்கொள்ளவே இவ்வுரை.

ஹௌராவிலிருந்து கரக்பூர் செல்லும் வண்டியில் சன்னலோரம் அமர்ந்தோர் அதனைக் கண்டிருப்பர். பாதையோரப் பள்ளங்களில், ஆளுயரத்தையும் மிஞ்சி வாள்போல் நிமிர்ந்த இலைகள். நடுவே பழுப்பு நிறக் கதிர். வங்காளியர் அதனை ஹோக்லா என்பர். தமிழில் சம்பு, யானைக்கோரை என்றும் வழங்குவர். பத்தமடைப் பாய்க்குரிய கோரை வேறு குடும்பத்தது. ஹூக்ளி என்னும் பெயரே ஹோக்லாவிலிருந்து பிறந்தது என்று கூறுவாரும் உளர்.

அப்பள்ளங்களுள் பல மனிதர் வெட்டியவை. தாழ்நிலத்தில் பாதைக்குக் கரை உயர்த்தியபோது அருகிலேயே மண்ணெடுத்தனர். வண்டி ஓட மேடும், மழைநீர் தங்கப் பள்ளமும் ஒருங்கே பிறந்தன. அப்பள்ளத்தில் சம்பு தானே வந்து குடியேறிற்று. அதன் ஒரு கதிரில் இலட்சத்திற்கும் மேற்பட்ட விதைகள் உண்டு. பஞ்சு கட்டிய அவ்விதைகளைக் காற்று சுமந்து செல்லும்.

சேற்றிலே காற்றில்லை. வேர் எங்ஙனம் உயிர் வாழும்? சம்பின் இலைக்குள்ளே சிறு சிறு காற்றறைகள் உள்ளன. அவற்றின் வழியே காற்று அடிவேர்வரை இறங்கும். வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் அக்காற்றைக் கொண்டு அழுக்கைச் சிதைக்கும். கழிவுநீரின் உரச்சத்துக்களைச் செடி உண்டு வளரும். ஆதலின் கழிவுநீரைத் தூய்மை செய்யவே பல நாடுகளில் சம்பு வளர்க்கின்றனர். அதன் மறைவில் டாஹுக் என்று வங்காளியர் அழைக்கும் நம் சம்பங்கோழி கூடு கட்டும், மீன்குஞ்சுகள் ஒதுங்கும்.

மனிதருக்கும் அது பயன்படும். உலர்ந்த இலை பாயாகும், கூரையாகும், திருமணப் பந்தலின் தடுப்பாகும். சிந்து நாட்டில் அதன் மஞ்சள் மகரந்தத்தை இனிப்பாக்கி உண்பர்.

குறையும் உண்டு. அறுக்காமல் விட்டால் குளம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். மடிந்த இலைகள் படிந்து குளம் தூர்ந்துபோகும். அறுவடையே அதற்கு மருந்து. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. நீர்மட்டத்திற்கு மேலே அறுத்தால் மீண்டும் துளிர்க்கும். நீருக்குக் கீழே அறுத்தால் காற்றின்றி வேர் அழுகும்.

இந்நுட்பத்தை எமக்குக் கற்பித்தவர் நூலாசிரியர் எவரும் அல்லர். நம் குடியிருப்பின் பின்புறப் பள்ளத்தில் ஆண்டுதோறும் மழைக்காலம் கழிந்தபின் சம்பு அறுக்க வந்த, பாய் முடையும் ஒரு மூதாட்டியே. மாஷிமா என்றே நாம் அனைவரும் அவரை அழைத்தோம்.

பாம்பு வருகிறது, கொசு வருகிறது என்று சொல்லி, அப்பள்ளத்தைத் தூர்த்துத் தருமாறு நாம் விண்ணப்பித்ததை இங்குள்ளோர் மறந்திருக்கமாட்டார்கள். விண்ணப்பம் எழுதிய கை இந்தக் கையே. நாற்பது வீட்டாரும் ஒப்பமிட்டோம். நம் விருப்பப்படியே மண் கொட்டப்பட்டது. அரிவாளோடு வந்த மாஷிமா வெறுந்தரையைப் பார்த்து, “பாபு, பள்ளத்தில் மண்ணைப் போட்டுவிட்டீர்கள், தண்ணீரை எங்கே போடுவீர்கள்?” என்று கேட்டார். நாம் சிரித்தோம்.

அடுத்த ஆவணியில் விடை கிடைத்தது. மூன்று நாள் மழை; முழங்காலளவு நீர் வீட்டுக்குள். அரிசிப் பானை மிதந்தது. நம் சங்க நூலகத்தின் கீழ்த்தட்டு நூல்கள் நனைந்து கூழாயின. கொசுவும் குறையவில்லை; பள்ளத்தில் மீனுக்கு இரையானது, சாக்கடையில் தடையின்றிப் பெருகிற்று. மாஷிமா பின்னர் வரவேயில்லை. அவருடைய பிழைப்பையும் நாமே தூர்த்தோம்.

அன்பர்களே! சதுப்பு நிலத்தைப் பாழ்நிலம் என்று எழுதுவது கோப்புகளின் வழக்கம். கொல்கத்தாவின் கிழக்கே 12,500 ஹெக்டேர் நிலம், நகரின் கழிவுநீரை வெயில், பாசி, மீன் இவற்றின் துணையால் தூய்மை செய்து, மீனும் காய்கறியும் திருப்பித் தருகிறது. அதன் அருமையை உலகறியச் செய்த பொறியாளர் துருவஜோதி கோஷ் 2018இல் மறைந்தார். 2002இல் அந்நிலம் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. சம்பு வளரும் நம் சென்னைப் பள்ளிக்கரணையும் 2022இல் அப்பட்டியலில் சேர்ந்தது. பெரிய நிலங்களுக்குப் பட்டியல் உண்டு. குடியிருப்பின் பின்புறப் பள்ளத்திற்கு யார் உளர்?

நமது பள்ளத்தில் பாதி, கடவுப்பாதையை ஒட்டி, இன்னும் எஞ்சியுள்ளது. அதனையும் தூர்க்கும் பேச்சு எழுந்துள்ளது. அதனைக் காக்க வேண்டி இரண்டாவது விண்ணப்பம் எழுதி, வாயிலருகே மேசைமீது வைத்திருக்கின்றோம். சம்பு அறுப்பவர்க்கு இசைவு தரவும் அதில் வேண்டியுள்ளோம். முன்பு நாற்பது ஒப்பங்களால் செய்த பிழையை, விருந்துண்ணச் செல்லுமுன் நாற்பது ஒப்பங்களால் திருத்துவோமாக.